வாப்பா தேய்த்துக் கொடுத்த கோட்டு

காரைக்கால்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் நௌஷினுக்கு, வாப்பா முகைதீன் பிச்சை எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி மர்யமும் சளி காய்ச்சல் இல்லாமல், அந்தக் குளிரிலும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது வாப்பா ஏன் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். ஃபோனில் பேசினால் உன் உம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஒட்டி உட்கார்ந்துகொள்கிறாள். நான் ஒரு வரி சொல்வதற்குள் அவள் மூன்று திருத்தம் சொல்கிறாள். உன் தம்பி அஜ்மீரின் கோட்டு விஷயத்தில் நீ இதுவரை கேட்டதெல்லாம் அவள் சொன்னது, மிச்சம் அவள் தம்பி ஜவஹர் அலி மாமா சொன்னது. போன வாரம் நீ சிரித்த சிரிப்பைக் கேட்டதுமே, பாரீஸ் வரைக்கும் என் மானம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையின் சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறார். உம்மா கொடுத்தனுப்பும் இறால் ஊறுகாய்ப் பாட்டிலோடு இதுவும் வரும். எண்ணெய் பட்டிருந்தால் துடைத்துவிட்டு வாசி. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்கு அதிகம் சரக்கு இல்லை.

உம்மாவுக்கு மணிக்கட்டு வலி, கனமான அயர்ன் பாக்ஸைத் தூக்கித் தேய்க்க முடியவில்லை என்றுதானே நீ அங்கிருந்தே ஆர்டர் போட்டு அந்த ஸ்டீம் பிரஸ்ஸை வீட்டுக்கு அனுப்பினாய். பெட்டி வந்து இறங்கியபோது உம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் பிரித்து, மேசைமேல் ஏற்றி, பிளக்கைச் செருகி, அது என்னுடையது என்று ஆக்கிவிட்டேன். தனக்கு அனுப்பியதை நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்று அவள் கேட்டதற்கு, எந்திரமென்றால் எந்திரம் தெரிந்தவன் கையில் இருப்பதுதான் பத்திரம் என்றேன். எனக்குத் தெரிந்த எந்திரம் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் லாரி ஏறி நிற்கும் எடைமேடை ஒன்றுதான், அதிலும் நான் செய்தது நம்பரைப் பார்த்து எழுதுவது. அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் காலையில் வெள்ளைச் சட்டையோடு போவேன், மாலையில் நிலக்கரித் தூசி படிந்து சாம்பல் சட்டையோடு வருவேன். ஓய்வு பெற்றதும் எனக்கு இருந்த ஒரே ஆசை, காலையில் போட்ட வெள்ளை இரவுவரை வெள்ளையாகவும் கலையாமலும் இருக்க வேண்டும் என்பதுதான். வயசான காலத்தில் மாப்பிள்ளை மாதிரி திரிய ஆசை என்று உம்மா சொல்வாள். அதை நான் மறுக்கவில்லை.

எந்திரத்தில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. கீழே மெத்தை வைத்த பலகை, மேலே இரும்புத் தகடு. நடுவில் துணியை விரித்து, மேல் தகட்டை இறக்கிப் பிடியை அழுத்தினால் உஸ்ஸென்று ஆவி கிளம்பும். கொஞ்ச நேரத்தில் கீச்கீச்சென்று கத்தும். கத்தினதும் தூக்கிவிட வேண்டும். கூடவே வந்த புத்தகத்தில் படங்கள் இருந்தன, படத்தைப் பார்த்தாலே புரியும்போது எழுத்தை எதற்கு வாசிப்பது என்று அதை அலமாரியில் வைத்துவிட்டேன். முதல் சட்டையை எடுத்துப் பார்த்தேன், முதுகில் ரயில் தண்டவாளம் மாதிரி நீளமாக இரண்டு கோடு. விரிக்கும்போது துணி மடிந்திருந்தால் இந்த எந்திரம் அந்த மடிப்பையும் சேர்த்துத் தேய்த்துக் கொடுக்கும், பிறகு எந்தத் தண்ணீரைத் தெளித்தாலும் போகாது. அடுத்த சட்டையில் பித்தான்கள் உருகித் தகட்டோடு ஒட்டிக்கொண்டன. பித்தான் பக்கம் மெத்தையைப் பார்த்து இருக்க வேண்டுமாம், நான் தகட்டைப் பார்த்து வைத்திருந்தேன். அதற்கடுத்த சட்டையில் தோள் முழுக்க மஞ்சள் புள்ளிகள். நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டுமாம், நான் நம் வீட்டுப் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். நம் ஊர்ப் போர் தண்ணீரில் சோறு வைத்தால் உப்புப் போட வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியாததா. ஒருநாள் சட்டைப் பையில் என் ஆதார் அட்டை இருந்ததை மறந்து தேய்த்துவிட்டேன். அது வெற்றிலையைச் சுருட்டின மாதிரி சுருண்டுவிட்டது. இதையெல்லாம் உம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. எந்திரம் தெரிந்தவன் என்று சொன்னவன் எப்படிச் சொல்வது? கெட்டுப்போனதையெல்லாம் ஒரு அரிசிச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். அந்த நீலக்கரைச் சட்டை எங்கே, அந்தக் கதர்ச் சட்டை எங்கே என்று உம்மா கேட்கும்போது, யாரோ ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவள் அதை நம்பியதுதான் எனக்கு இன்றுவரை உறுத்தல். அடுத்த வீட்டுச் சித்திக்காவிடம், இவங்களுக்கு இப்பத்தான் மனசுல ஈரம் வந்திருக்கு என்று சொல்லிச் சந்தோஷப்பட்டாளாம்.

வீட்டுச் சட்டையோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. திருவேட்டக்குடி சிங்காரவேலுவை உனக்கு நினைவிருக்கும், துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர், உன் கல்யாணத்துக்குக் கூடை கூடையாக வஞ்சிரம் கொண்டுவந்து இறக்கினவர். அவர் மகள் வினோதினிக்கு நிச்சயம். போகிற வழியில் என்னையும் கூட்டிப்போக வந்தார். பளபளவென்று புதுச் சட்டை, ஆனால் பஸ்ஸில் வந்ததில் கசங்கியிருந்தது. பொண்ணப் பெத்தவரு இப்புடியா போவீங்க, கழட்டுங்க என்று பிடிவாதமாக வாங்கித் தேய்த்தேன். அது என்ன துணியோ தெரியவில்லை, தகட்டைத் தூக்கினால் சட்டையின் நெஞ்சுப் பக்கமும் கூடவே மேலே வந்தது. பாவம் மனிதர், என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிச்சயத்துக்கு வந்தார். அவர் உடம்புக்கு அது பத்தவில்லை, மேல் பித்தானைப் போடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டே தாம்பூலம் மாற்றினார். அதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை என்பதிலிருந்து அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்.

இனிதான் அஜ்மீர் விஷயம். ஹோட்டல் படிப்பை முடித்துவிட்டு அவன் சும்மா இருந்தபோது, ஜவஹர் அலி மாமா தோஹாவில் தனக்குத் தெரிந்த ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை பார்த்துக் கொடுத்தார். நான் வேண்டாமென்றேன். ஒரு பிள்ளையைத்தான் கடல் தாண்டிக் கொடுத்தாயிற்று, இவனாவது நம் கண் முன்னால் இருக்கட்டும், இங்கேயே ஒரு கடை வைத்துக் கொடுக்கிறேன் என்றேன். சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. ஒருநாள் மாமா முன்னாலேயே, இவன் எப்புடிப் போறான்னு நானும் பாக்குறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் அதை என் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு உம்மா ஒரு நாள் என்னிடம் வந்து, நீங்க சம்மதிக்காம அவன் போனாலும் போவான், ஆனா அங்க போயி நிம்மதியா இருக்க மாட்டான் என்றாள். அதற்குப் பிறகு வேண்டாம் என்பதை நிறுத்தினேனே தவிர, போய்வா என்று என் வாயிலிருந்து வரவில்லை.

ஹோட்டலில் வந்து இறங்கும்போதே கோட்டுப் போட்டிருக்க வேண்டுமென்று சொல்லியிருந்தார்களாம். சென்னையில் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கிக்கொண்டு, விசா வேலைகளையும் முடித்துக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்தே வந்து சேர்ந்தான் தம்பி. மறுநாள் திருச்சியிலிருந்து விமானம். கோட்டைப் பார்த்தால் யாரோ அதன்மேல் படுத்துத் தூங்கின மாதிரி இருந்தது. அவன் பசியாறிவிட்டுக் குளிக்கப் போனான். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. போய்வா என்று சொல்லத்தானே வரவில்லை, கோட்டையாவது நன்றாகத் தேய்த்துக் கொடுத்தால் வாப்பா மனசு ஒப்பிவிட்டது என்று புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன் நௌஷின். கறுப்புத் துணியில் நேராகத் தகடு பட்டால் பளபளத்துப் போகும் என்று அதற்குள் கற்றிருந்தேன், அதனால் மேலே ஒரு மெல்லிய கைக்குட்டையை விரித்தேன். கேன் தண்ணீர்தான் ஊற்றினேன். கையும் முதுகும் அருமையாக வந்தன. இடது நெஞ்சுப் பக்கம் வைத்தபோது மட்டும் உள்ளே ஏதோ விறைப்பாகத் தட்டுப்பட்டது. உன் வாப்பாதான் எல்லாம் தெரிந்தவர் ஆயிற்றே! கோட்டுக்கு நெஞ்சுப் பக்கம் விறைப்புத் துணி வைத்துத் தைப்பார்கள், அதுதான் படியாமல் முரண்டு பிடிக்கிறது என்று தீர்மானித்து, தகட்டை இறக்கி அழுத்தினேன். கத்தியது. தூக்கினேன். இன்னும் மேடாகவே இருந்தது. நம்மிடமா என்று சூட்டைக் கூட்டி, ஆவியைக் கூட்டி, பிடியின்மேல் என் உடம்பு முழுவதையும் சாய்த்து மறுபடியும் அழுத்தினேன். பசை காய்ந்த மாதிரி ஒரு வாடை வந்தது. புதுக் கோட்டு, அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அஜ்மீர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். எந்திரத்தையும் என்னையும் பார்த்தான். "வாப்பா, கோட்டு உள்பையில பாஸ்போர்ட் இருந்துச்சே, எடுத்துட்டுத்தான தேச்சீங்க?" என்றான். அவனே கையை விட்டு எடுத்தான், வரவில்லை, உள்துணியோடு ஒட்டியிருந்ததைப் பிய்த்து எடுத்தான். அட்டை கொப்பளித்திருந்தது. தாளெல்லாம் அப்பளம் பொரிந்த மாதிரி. போட்டோ இருந்த பக்கத்தில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கிளம்பிச் சுருங்கிப்போய், என் மகன் முகம் தண்ணீருக்கடியிலிருந்து பார்க்கிற மாதிரி தெரிந்தது. கோபப்படுவான், கத்துவான் என்று நினைத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பிறகு, "வேணும்னே செஞ்சீங்களா வாப்பா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டுவிட்டு, ஈரத் தலையோடு வெளியே போய்விட்டான்.

இதிலிருந்து ஆரம்பித்ததுதான் என் கேவலம். நான் முட்டாள்தனமாகச் செய்தேன் என்று ஒருவர்கூட நம்பவில்லை. ஜவஹர் அலி மாமா விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒங்களச் சாதாரணமா நெனச்சுட்டேன். எடமேடையில உக்காந்து எத்தன லாரிக்காரன் தில்லுமுல்லு பண்ணுனாலும் கண்ணால பாத்தே புடிச்சேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. ஒங்களுக்குப் பாக்கெட்டுல பாஸ்போர்ட் இருந்தது தெரியாதாக்கும்? எப்புடிப் போறான்னு நானும் பாக்குறேன்னு அன்னிக்கே சொன்னீங்கள்ல?" என்றார். அந்தப் பெருமையெல்லாம் நான் கல்யாண வீட்டுப் பந்திகளில் உட்கார்ந்து அளந்தது. ஒன்றிரண்டு லாரிகளைப் பிடித்தது உண்மை, மிச்சம் கறிச்சோறு உள்ளே போன சந்தோஷத்தில் சொன்னது. இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? சித்திக்கா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, பெத்த மனசு, புள்ளைய விட முடியல, என்ன செய்வாங்க பாவம் என்று கண்ணைத் துடைத்தாள். பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்தால் ஒருத்தர் தோளைத் தட்டி, நல்ல வேலை செஞ்சீங்க, எனக்கு அப்ப இந்த யோசனை வரல, என் மவன் போயி வருசக்கணக்காச்சு என்றார். வாழ்நாளில் முதன்முறையாக ஊர் முழுக்க என்னைப் புத்திசாலி என்று சொன்னது, அதுவும் நான் செய்ததிலேயே பெரிய மடத்தனத்துக்காக. உன் உம்மா தேத்தண்ணியை என் முன்னால் வைத்த வேகத்தில் பாதி என் வேட்டியில் இருந்தது.

அஜ்மீரைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனேன். சிதம்பரம் தாண்டும்வரை அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான், நான் வாங்கிக் கொடுத்த வெள்ளரிக்காய் அவன் மடியிலேயே இருந்தது. அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, எப்படி சார் இப்படி ஆச்சு என்று கேட்டார். அயர்ன் பண்ணிட்டேன் சார் என்றேன். சட்டையையா என்றார். இல்லை சார், பாஸ்போர்ட்டை என்றேன். எழுந்து போய்ப் பக்கத்து மேசைக்காரரைக் கூட்டிவந்து, தண்ணில விழுந்தது பாத்திருக்கேன், எலி கடிச்சது பாத்திருக்கேன், அயர்ன் பண்ணுனத இப்பத்தான் பாக்குறேன் என்று காட்டினார். அவர்கள் நல்ல மனிதர்கள், சீக்கிரமே புதிதாக வரும் என்று ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் அஜ்மீர் சிரிக்கவில்லை.

ஹோட்டல்காரர்கள் கொஞ்ச நாள் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அதற்குமேல் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று மாமா சொன்னார். வீட்டில் அஜ்மீர் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒருநாள் சாயங்காலம் தன் சர்டிபிகேட்டுகள், போட்டோக்கள், ஹோட்டல் கடிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று உம்மா கேட்டதற்கு, மாமா வூட்டுல வச்சுட்டு வந்துடுறேம்மா, அங்க பத்திரமா இருக்கும் என்றான். நான் அந்தப் பக்கம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகு பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி உட்கார்ந்திருந்தேன். நௌஷின், நான் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் என் பிள்ளைகள் தங்கள் பொருளை என்னிடமிருந்து ஒளித்துவைக்கும்படி வாழ்ந்ததில்லை. ஊர் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்தால் நினைக்கட்டும், என் மகனுக்கு மட்டும் நான் முட்டாள் என்பது தெரிந்தாக வேண்டும் என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

மறு வெள்ளிக்கிழமை மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சிங்காரவேலுவுக்கும் ஃபோன் போட்டு, அந்தச் சட்டை இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் பரணிலிருந்து சாக்கை இறக்கிக் கூடத்தில் பாய்மேல் கொட்டினேன். தண்டவாளச் சட்டை, பித்தான் இல்லாத சட்டை, மஞ்சள் புள்ளிச் சட்டை, ஒரு கை மட்டும் குட்டையாகச் சுருங்கிய ஜிப்பா, கரை சுருண்ட இரண்டு கைலி எல்லாவற்றையும் வரிசையாக விரித்து, இது இப்படிக் கெட்டது, இது இப்படிக் கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உம்மா அந்த நீலக்கரைச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "இது ஏழைக்குக் குடுத்த சட்டையில்ல?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அந்தக் கதர்ச் சட்டையுமா? நான் ஒங்களுக்காக அத்தன தடவ துஆ கேட்டேனேங்க!" என்றாள். மாமா மட்டும் அசையவில்லை. இதெல்லாம் இப்பச் செஞ்சு வச்சிருக்கலாம் மச்சான், எங்க, என் கைக்குட்டையத் தேச்சுக் காட்டுங்க பாப்போம் என்று நீட்டினார். எந்திரத்தைப் போட்டு, விரித்து, அழுத்தி எடுத்தேன். என் விதியைப் பார், கைக்குட்டை கடையில் வாங்கினது மாதிரி ஒரு சுருக்கம் இல்லாமல் வந்தது! அந்த எந்திரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தேய்த்த ஒரே துணி அதுதான். பாத்தியா லாத்தா, எவ்வளவு சுத்தமாத் தேய்க்கிறாரு என்று மாமா உம்மாவிடம் சொல்ல, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்ல வேளை, அப்போது சிங்காரவேலு வந்தார். நெஞ்சில் பெரிய ஓட்டையோடு அந்தச் சட்டையை விரித்துக் காட்டி, "நான் வெளிய சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் தங்கச்சி. இவரு நல்ல மனுசன், ஆனா இவருகிட்ட துணியக் குடுக்கக் கூடாது. நிச்சயத்தன்னிக்கு நான் மூச்சு வுடாம நின்னது எனக்குத்தான் தெரியும்" என்று உம்மாவிடம் சொன்னார். அதற்குள் அஜ்மீர் குனிந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்தான். சுருண்டுபோன என் ஆதார் அட்டை. அதை விரித்துப் பார்க்க முயன்றான், அது மறுபடியும் சுருண்டது. "வாப்பா, ஒங்க அட்டையவே தேச்சிருக்கீங்களா?" என்றான். ஆமாம்பா என்றேன். "இத வச்சுக்கிட்டா பேங்க்குக்குப் போறீங்க?" நான் போகவே இல்லைப்பா, வெட்கமாக இருந்தது என்றேன். முதலில் அவன் தோள்தான் குலுங்கியது, அழுகிறானோ என்று பயந்தேன். பிறகு உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உம்மா சிரித்தாள், சிங்காரவேலு சிரித்தார், கடைசியில் மாமாவும் தன் அழகான கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து இவ்வளவு பேர் சேர்ந்து சிரித்ததும், அதில் எனக்கு இவ்வளவு நிம்மதி வந்ததும் அதுதான் முதல் தடவை.

உம்மா உனக்குச் சொன்னது இதுவரைதான் இருக்கும். இதற்குமேல் நடந்தது அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நான் கடற்கரைப் பக்கம் நடந்தபோது அஜ்மீரும் கூட வந்தான். அரசலாற்று முகத்துவாரத்தில் படகுகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. கொஞ்சதூரம் நடந்ததும், "நீங்க வேணும்னு செய்யலன்னு நம்புறேன் வாப்பா. ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டீங்களே?" என்றான். கேள் என்றேன். "பாஸ்போர்ட்ட அந்தக் கோலத்துல பாத்த ஒடனே, ஒரே ஒரு நிமிசம், ஒங்களுக்குச் சந்தோசம் வந்துச்சுல்ல?" என்றான். இத்தனை நாளாக நான் நிரபராதி, நான் நிரபராதி என்று கத்தியவன் நான். படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம்தான், ஆனால் சாக்கைக் கொட்டிக் காட்டிய பிறகு எதை ஒளிப்பது? வந்துச்சுப்பா என்றேன். "எனக்குந்தான் வாப்பா" என்றான் அவன். டிக்கெட் எடுத்த நாளிலிருந்து தனியாகப் போகப் பயந்துகொண்டே இருந்தானாம், யாரிடமும் சொல்ல முடியவில்லையாம், அதைச் சொன்னால் நான் அதையே பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுவேன் என்று பயமாம். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அப்பாடா என்று முதலில் தோன்றியதே தனக்குத்தான் என்றும், அந்த வெட்கத்தில்தான் என்மேல் அவ்வளவு கோபம் வந்தது என்றும் சொன்னான். "ஆனா போவணும் வாப்பா. பயந்துக்கிட்டாவது போயிப் பாக்கணும்" என்றான். நான் நின்றுவிட்டேன். போய்ட்டு வாப்பா என்றேன். இத்தனை மாதம் வராத வார்த்தை, அந்த மீன் வாடைக்கு நடுவில் சாதாரணமாக வந்துவிட்டது. மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு போய் மாமா வீட்டிலிருந்து சர்டிபிகேட்டுகளையெல்லாம் எடுத்துவந்து என் அலமாரியில் வைத்தான்.

புதுப் பாஸ்போர்ட் வந்தது, மாமா அலைந்து விசாவில் நம்பரை மாற்றிக் கொடுத்தார், ஹோட்டல்காரர்களும் பொறுத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். கோட்டின் உள்துணியை உம்மா பிரித்து வேறு துணி வைத்துத் தைத்தாள். எந்திரம் இப்போது அவள் கையில். புத்தகத்தை எடுத்து உட்கார்ந்து வாசித்தாள், அவ்வளவுதான், அது அவளிடம் நாய்க்குட்டி மாதிரி இருக்கிறது. மணிக்கட்டுக்கும் பரவாயில்லையாம். நான் துணியை நீவிக் கொடுப்பதோடு சரி, பையைத் துழாவிப் பார்ப்பதும் என் வேலை. கோட்டை அவள்தான் தேய்த்தாள், கத்தி மாதிரி நின்றது. திருச்சி ஏர்போர்ட்டில் அதைப் போட்டுக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தபோது, யாரோ பெரிய மனிதர் வீட்டுப் பையன் என்று தோன்றியது. உள்ளே போக வேண்டிய நேரம் வந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான், நானும் பிடித்தேன், விடவில்லை. பின்னாலிருந்து உம்மா, "கோட்டு கசங்குதுங்க, விடுங்க" என்றாள். கசங்கட்டும் என்றேன்.

அவன் போய்ச் சேர்ந்து, வேலையிலும் சேர்ந்துவிட்டான். ரூமில் கூட இருப்பவர்கள் மலையாளத்துப் பிள்ளைகளாம், சாப்பாடு பரவாயில்லையாம். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு ஒரு ஃபோன் போடு, பயமா என்று மட்டும் கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள், மிச்சத்தை அவனே சொல்வான். மர்யமுக்கு வீட்டில் தமிழில் பேசுங்கள், அவள் என்னிடம் பிரெஞ்சில் கதை சொன்னால் நான் தலையாட்டுகிறேனே தவிர, ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைக்கு என் சலாம். எனக்கு இனிமேல் எந்த எந்திரமும் அனுப்ப வேண்டாம், உம்மாவுக்கு அனுப்பினால் அவள் பெயர் போட்டு அனுப்பு. கடற்கரையில் பேசினதை மட்டும் உம்மாவிடம் சொல்லிவிடாதே, அவள் எங்கள் இரண்டு பேரையும் நிம்மதியாக விடமாட்டாள். உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும், உணவிலும் வருமானத்திலும் குறைவில்லாத ரிஸ்கும், போன இடத்தில் நல்ல பெயரும் கிடைக்க துஆ செய்கிறேன். ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்கும்போது ஈரக் கரண்டி போடக் கூடாது என்று உம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும்,
வாப்பா முகைதீன் பிச்சை